நாலு கல்லூரிக்கு ஒரே ஜன்னல்

விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு முதலில் கழுத்து போகும், அப்புறம் தொண்டை போகும், கடைசியில்தான் பொறுமை போகும் என்பார்கள். எனக்கு அந்த வரிசை தலைகீழாகிவிட்டது.

அதியமான்கோட்டையைத் தாண்டி, பெருஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியில் நான் இளநிலை உதவியாளர். கலை, சட்டம், கல்வியியல், சமூக அறிவியல் என நாலும் ஒரே வளாகத்தில். நாலுக்கும் தனித்தனிக் கட்டடம் உண்டு, தனித்தனி வாத்தியார்கள் உண்டு. அலுவலகம் மட்டும் ஒன்று. அதில் விசாரணை ஜன்னல் ஒன்று. அதற்குப் பின்னால் ஒரே ஒரு நான். ஜன்னல் கண்ணாடியில் பேசுவதற்கு வைத்த ஓட்டையை எந்த மகராசன் அளந்தாரோ, இடுப்பு உயரத்தில் வைத்துவிட்டார். வருகிறவர்கள் எல்லாரும் குனிந்துதான் பேச வேண்டும், நான் அண்ணாந்துதான் கேட்க வேண்டும். பதினாலு வருஷமாக இப்படியே போகிறது. நீங்களும் எங்காவது ஒரு கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவர் என்றால், இல்லை அதற்கு முன்னால் நின்று கால் கடுத்தவர் என்றால், நமக்குள் விளக்கம் எதுவும் தேவையில்லை.

சீலில் அடங்காத பேர்

எங்கள் கல்லூரியின் முழுப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவர்களை நான் பார்த்ததில்லை. பஸ் கண்டக்டர்கள் அந்த வம்புக்கே போவதில்லை. "வக்கீல் டீச்சர் காலேஜ் எல்லாம் எறங்கு" என்று கத்திவிட்டு விசில் ஊதிவிடுவார்கள். கலையும் சமூக அறிவியலும் படிக்கிற பிள்ளைகள் அதற்காகக் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவா முடியும், அவர்களும் அங்கேதான் இறங்குவார்கள்.

பழைய ரப்பர் ஸ்டாம்ப் தேய்ந்துபோய், அடித்தால் வெறும் நீல வட்டம்தான் விழுந்தது. புதிது செய்ய என்னை தர்மபுரி டவுனுக்கு அனுப்பினார்கள். கடைக்கார பாய் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நான் நீட்டிய தாளைப் படித்தார். ஒருமுறை எழுத்தெழுத்தாக எண்ணினார். வட்டமாகப் போட்டுப் பார்த்தார், நீள்சதுரமாகப் போட்டுப் பார்த்தார். "கலை"யை எடுத்துவிடலாமா என்றார், அது முடியாது என்றேன். "சட்டம்?" அது நிச்சயம் முடியாது என்றேன். கடைசியில் தாளை என்னிடமே திருப்பித் தந்துவிட்டு, மகளுக்குப் புத்தி சொல்கிற மாதிரி சொன்னார்: "ரெண்டு சீலா செஞ்சுக்கோங்கம்மா. ஒண்ணு அடிச்சிட்டு, மிச்சப் பேர இன்னொண்ணுல அடிங்க."

வரப்பு

பாலக்கோட்டு மார்க்கெட்டில் தக்காளியை இறக்கிவிட்டு, காலிப் பெட்டிகளோடு ஒருவர் வேனில் நேராக எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். அறுபது வயசு இருக்கும். ஜன்னலில் குனிந்து, "இங்க வக்கீலுக்குப் படிக்கிறாங்களாமே, அதுல கொஞ்சம் நல்லா படிக்கிற ஆளா ஒருத்தரக் கூப்புடுங்க" என்றார். தம்பி வரப்பை வெட்டித் தன் பக்கம் சேர்த்துக்கொண்டானாம். இது கோர்ட் இல்லை, கல்லூரி என்று நான் சொல்லிப் பார்த்தேன். "கோர்ட்டுக்குப் போறதுக்குத்தான் வயசு இல்லியே" என்றார்.

சட்டப் பிரிவில் புதன்கிழமைதோறும் இலவச ஆலோசனை உண்டு. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்கள், வாத்தியார் பக்கத்தில் இருப்பார். அன்றைக்கு அதிர்ஷ்டவசமாகப் புதன். ஒரு பெண் இவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நோட்டைத் திறந்தாள். இவர் தாத்தா காலத்தில் ஆரம்பித்தார். கிணறு வெட்டியது, பாகம் பிரித்தது, தம்பி கல்யாணத்தில் யார் யாருக்கு இலை போடவில்லை என்பது வரைக்கும் வந்தது. நான் மதியச் சாப்பாடு முடித்துவிட்டு வரும்போதும் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அலுக்காமல் எழுதிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "ஐயா, பட்டா யார் பேர்ல இருக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். போகிற வழியில் என் ஜன்னலில் குனிந்து, நான் ஏமாற்றிவிட்ட மாதிரி சொன்னார்: "நல்ல பொண்ணுதான்மா. ஆனா அவளும் டவுனு வக்கீலு கேட்ட அதே கேள்வியத்தான் கேக்கறா."

ஒளிச்சேர்க்கை

பி.எட். மாணவிகளுக்குக் கற்பித்தல் பயிற்சி வந்துவிட்டால் அவர்கள் வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. பாடத்திட்டம் எழுத வேண்டும், சார்ட் வரைய வேண்டும், தெர்மாகோலில் மாதிரி செய்ய வேண்டும். யார் வரைந்தது, யார் வெட்டியது என்பதெல்லாம் எங்களுக்கும் தெரியும், வாத்தியார்களுக்கும் தெரியும், ஒருவரும் கேட்டுக்கொள்வதில்லை.

ஒருநாள் லாரி டிரைவர் ஒருவர் சுருட்டிய சார்ட்டும் கையுமாக வந்தார். மனைவிக்குக் காய்ச்சலாம், இன்றைக்குக் கடைசித் தேதியாம், இதை வாங்கி வையுங்கள் என்றார். நான் பிரித்துப் பார்த்தேன். ஒளிச்சேர்க்கை. சூரியனுக்கு மூக்கும் மீசையும் இல்லை என்பது தவிர ஒரு குறையும் இல்லை. இலையில் நரம்பு நரம்பாக ஓடியது. கரியமிலவாயு ஒரு பக்கம் பச்சை அம்புக்குறியில் உள்ளே போனது, ஆக்சிஜன் சிவப்பு அம்புக்குறியில் வெளியே வந்தது, அம்புகள் ஒவ்வொன்றும் ரோட்டில் போட்ட மாதிரி நேர்த்தியாக இருந்தன. மாணவியே நேரில் வந்து விளக்கிச் சொல்லி ஒப்படைக்க வேண்டும் என்றேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை: "கேள்வி என்னைக் கேளுங்க மேடம். நாலு நாளா வண்டியில வெச்சு நான்தான் படிச்சேன், அவளுக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

பாதுகாவலர்

விடுப்பு விண்ணப்பத்தில் அடியில் ஒரு கோடு இருக்கும். 'பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம்.' அது நிரம்பாமல் தாளை வாங்கக் கூடாது என்பது எங்கள் கண்காணிப்பாளர் சண்முகம் சாரின் உத்தரவு. நல்ல மனிதர், ஆனால் படிவத்தில் காலி இடத்தைக் கண்டால் அவருக்கு ஆகாது.

சட்டம் முதலாண்டில் சாந்தா என்று ஒரு அங்கன்வாடிப் பணியாளர் சேர்ந்தார். நாற்பத்தாறு வயசு. வேலையில் நீண்ட விடுப்பு எடுத்து, தினமும் குடும்பத்துக்குச் சோறாக்கி வைத்துவிட்டு, எல்லாருக்கும் முன்னால் வகுப்புக்கு வந்து முதல் பெஞ்சில் உட்காருகிறவர். அவர் மகள் அதே வளாகத்தில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு. மாமியாருக்கு ஆபரேஷன் என்று சாந்தா மூன்று நாள் விடுப்பு எழுதிக்கொண்டு வந்தார். சண்முகம் சார் அடிக்கோட்டைத் தொட்டுக் காட்டினார். "எனக்கு அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்லீங்க சார்" என்றார் சாந்தா. அப்படியானால் பாதுகாவலர் என்றார் சார். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார், வர ஒரு மாசம் ஆகும். நாற்பத்தாறு வயசானவருக்கு எதற்குப் பாதுகாவலர் என்று நான் கேட்டேன். விதி என்றார்.

சாந்தா சண்டை போடவில்லை. தாளை எடுத்துக்கொண்டு எதிர்க் கட்டடத்துக்குப் போனார். பத்து நிமிஷத்தில் மகளே தாளைக் கொண்டு வந்தாள். கோட்டின் மேல் அவள் கையெழுத்து, அடைப்புக்குறிக்குள் 'மகள்'. சண்முகம் சார் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் அனுமதித்தார். அவள் என் ஜன்னலைக் கடக்கும்போது அவ்வளவு கண்டிப்பான முகத்தோடு சொன்னாள்: "மூணு நாள் கேட்டாங்கக்கா. இன்டர்னல் டெஸ்ட் வருது, ரெண்டு நாள் போதும்னு மாத்திட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

முடிவெடுப்பவர் யார்?

சமூக அறிவியல் பிள்ளைகள் வருஷம் ஒருமுறை ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுப்பார்கள். பெண் பிள்ளைகளோடு பெண் ஊழியர் ஒருவர் போக வேண்டும் என்று ஒருமுறை என்னைப் பிடித்து அனுப்பினார்கள். ஜன்னலை விட்டு வெளியே போகிறோமே என்று சந்தோஷப்பட்டுப் புடவை மாற்றிக்கொண்டு போனேன். கர்நாடக எல்லைப் பக்கம், வீட்டுக்குள் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிற ஊர். நல்ல வெயில். ஒவ்வொரு வீட்டிலும் நாற்பது கேள்வி.

நாராயணம்மா என்கிற பெண் ராகி புடைத்துக்கொண்டே பதில் சொன்னாள். கழிப்பறை உண்டா என்று கேட்டபோது, "போன வருசமும் இதேதான் கேட்டு எழுதிக்கினு போனாங்க, அது வந்துச்சா?" என்றாள். எங்கள் பிள்ளைகள் அடுத்த கேள்விக்குத் தாவினார்கள். பேரன் ஏதோ கேட்டதற்குத் தெலுங்கில் ஒரு அதட்டுப் போட்டுவிட்டு முறத்தைத் தட்டினாள். முப்பத்தொன்றாவது கேள்வி: குடும்பத்தில் முடிவெடுப்பவர் யார்? பேனாவைப் பிடித்துக்கொண்டு எங்கள் மாணவி காத்திருந்தாள். புருஷன் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். நாராயணம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "ஃபாரத்துல யாரப் போட்டா உங்களுக்கு மார்க்கு வரும்னு சொல்லு கண்ணு, அதப் போட்டுக்க. நெசத்த அவரு எந்திரிச்சுப் போனப்பறம் சொல்றேன்."

ஹால் டிக்கெட்

பரீட்சைக்கு முந்தின வாரம் சர்வர் படுத்துக்கொள்ளும். அது எப்படித்தான் தேதி தெரிந்து படுக்கிறதோ தெரியாது. ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு நின்றது, நாலு பிரிவுப் பிள்ளைகளும் ஹால் டிக்கெட்டுக்காக என் ஜன்னலை மொய்த்துக்கொண்டார்கள். "வரும், வரும்" என்று சொல்லிச் சொல்லி எனக்குக் குரலே வெளியே வரவில்லை. சட்டம் படிக்கிறவர்கள் விதி எண்ணைச் சொல்லிக் கேட்டார்கள், கலை படிக்கிறவர்கள் கத்திக் கேட்டார்கள், கேட்டது ஒன்றுதான். பதினொன்றரைக்கு மேல் வெயில் தாங்காமல் ஒவ்வொருவராக வேப்ப மரத்தடிக்கு நகர்ந்தார்கள். செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் பையைத் திறந்தார்கள். மூன்று மணி வாக்கில் திரையில் பட்டியல் தெரிந்தது. நான் எழுந்து கத்தப் போனேன். சண்முகம் சார் டீ கிளாஸோடு வந்து என் தோளுக்குப் பக்கத்தில் நின்று மரத்தடியைப் பார்த்தார். "செல்விம்மா, இன்னும் ஒரு மணி நேரம் சொல்லாதீங்க. சேர்ந்த நாள்ல இருந்து இன்னைக்குத்தான் எல்லாரும் படிக்கிறாங்க."

நேரில் வரவும்

இதை எழுதுவதா வேண்டாமா என்று கொஞ்ச நாள் யோசித்தேன். நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தீர்மானமில்லை.

மொரப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கொத்து வேலைக்காரர் வந்தார். கையெல்லாம் சிமென்ட் வெடிப்பு. பி.ஏ. வரலாறு கடைசி செமஸ்டர் படிக்கும் மோகனாவின் அப்பா. "பாப்பாவோட சர்டிபிகேட்டெல்லாம் திருப்பிக் குடுத்துருங்க" என்றார். ஓசூர்ப் பக்கம் மாப்பிள்ளை பார்த்தாயிற்று, கல்யாணம் அடுத்த மாதம். மாப்பிள்ளை வீட்டார் அவளை அங்கே ஒரு கம்பெனியில் சேர்க்கப் போகிறார்கள், அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பு அசல் உடனே வேண்டுமாம். பரீட்சை ஆரம்பிக்கிறதே என்றேன். "படிச்ச வரைக்கும் போதும்னு சொல்றாங்க" என்றார். சொல்றாங்க என்றுதான் சொன்னார், சொல்கிறேன் என்று சொல்லவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

அசல் சான்றிதழைத் திருப்பி வாங்கினால் பெயரை அடித்துவிடுவோம், ஹால் டிக்கெட்டும் போய்விடும். அதற்கு மாணவியே விண்ணப்பிக்க வேண்டும். மறுநாள் மோகனாவை அழைத்துக்கொண்டு வந்தார். அவள் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டாள். அவர் தண்ணீர் குடிக்கக் குழாயடிக்குப் போன நேரத்தில் ஓட்டைக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "அக்கா, பதினோரு நாள் போதும்" என்றாள். பதினோராவது நாள் அவளுடைய கடைசிப் பரீட்சை.

அன்றிலிருந்து, நீங்களெல்லாம் வாய்விட்டுத் திட்டுகிற அந்த அலுவலகக்காரியாக நான் ஆனேன். நூலகத்தில் பாக்கி இல்லை என்று கையெழுத்து வேண்டும், நூலகர் லீவு. விளையாட்டுத் துறையில் வேண்டும், அவர் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறார். துறைத் தலைவர் போட்ட தேதி தப்பு, மாற்றி வாங்கி வாருங்கள். பொய் எதையும் சொல்லவில்லை. உண்மைகளை ஒரே நாளில் சொல்லாமல் நாளைக்கு ஒன்றாகச் சொன்னேன். அவர் வேலையை விட்டுவிட்டு வந்தார், குனிந்தார், கேட்டார், போனார். மோகனா எப்படியும் படிவத்துக்காகக் கல்லூரிக்கு வர வேண்டியிருந்ததால் வந்து வந்து பரீட்சையும் எழுதினாள். ஒரு மதியம் அவர் சைக்கிள் கொட்டகையில் உட்கார்ந்து வெறும் பன்னைத் தண்ணீரில் நனைத்துத் தின்பதைப் பார்த்தேன். என் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டேன். சண்முகம் சாரிடம் சொல்லிவிடலாம் என்று கோப்பைக் கொண்டு போனேன். புரட்டிப் பார்த்தார். கட்டின் அடியில் செருகி, "இதுல ஒரு காலி இடம் இருக்கு, நாளைக்குப் பாப்போம்" என்றார். காலி இடம் எதுவும் இல்லை.

பதினோராவது நாள் சாயங்காலம் எல்லா அசலும் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி என்னைக் கும்பிட்டார். அது எனக்கு அறைந்த மாதிரி இருந்தது. மோகனா பின்னால் நின்று, "மார்க் ஷீட் வந்தா என் கையிலதான் குடுக்கணும்க்கா" என்று மட்டும் சொன்னாள். கல்யாணம் நடந்தது. எனக்குப் பத்திரிகை வந்தது, நான் போகவில்லை.

மதிப்பெண் பட்டியல் வந்தது. எல்லாப் பாடமும் தேர்ச்சி. ஒரு வாரம் கழித்து அவள் அப்பா தனியாக வந்தார், மாப்பிள்ளை வீட்டார் வாங்கி வரச் சொன்னார்களாம். மாணவி நேரில் வந்தால்தான் தருவேன் என்றேன். இந்தத் தடவை சத்தம் போடுவார் என்று தயாராக இருந்தேன். அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். "அதத்தானுங்க எதிர்பாத்து வந்தேன். நேர்ல வந்தாத்தான் உண்டுன்னு ஒரு தாள்ல கண்டிசனா எழுதிக் குடுங்க. கல்யாணம் ஆனதுல இருந்து அவள ஒரு தடவ வூட்டுக்கு அனுப்பலைங்க. நாங்க கூப்புட்டா அனுப்ப மாட்டேங்கறாங்க. காலேஜ் கூப்புட்டா அனுப்பித்தான ஆவணும்?"

உடனே தட்டச்சு அடித்தேன், கொஞ்சம் கடுமையாகவே அடித்தேன். சண்முகம் சார் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வியாழக்கிழமை மோகனா வந்தாள். புருஷனும் வந்திருந்தான், மோசமான பையனாகத் தெரியவில்லை, தன் அம்மாவுக்குப் பயந்த பையனாகத் தெரிந்தான். அவனை கேன்டீனுக்கு அனுப்பிவிட்டு, கம்பெனித் தொப்பி நெற்றியில் அழுத்திய கோட்டோடு அவள் ஜன்னலில் குனிந்தாள். இளைத்திருந்தாள். பட்டியலை வாங்கி எல்லா மதிப்பெண்ணையும் விரல் வைத்துப் படித்தாள். அவள் அப்பாவும் அம்மாவும் மரத்தடியில் தூக்குவாளியோடு காத்திருந்தார்கள். இரண்டு மணி நேரம் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், பேசினார்கள். நான் மற்றவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். புறப்படும்போது அவள் திரும்ப வந்தாள். இன்னும் என்னென்ன வரவேண்டும் என்று கேட்டாள். தற்காலிகச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், நன்னடத்தைச் சான்றிதழ், பட்டம் என்று சொன்னேன். விரல் விட்டு எண்ணிக்கொண்டாள். பிறகு புருஷன் நிற்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எல்லாத்தையும் ஒரே தடவையா குடுத்துடாதீங்கக்கா. ஒண்ணு ஒண்ணா வந்து வாங்கிக்கறேன்."

மொத்தத்தில், நாலு பிரிவுக்கும் சேர்த்து ஒரே ஜன்னல் போதும் என்று முடிவு செய்தவர் புத்திசாலியா இல்லையா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை, ஆனால் அவர் ஒரு நாள்கூட அதற்குப் பின்னால் உட்கார்ந்ததில்லை என்பது மட்டும் நிச்சயம்.